வெந்நீர்ச் சேதி

"ஒரு வாரமா அப்பாவோட கெட்டில்லேர்ந்து தகவலே வரல. உங்க ஆபீஸ்ல ஒரியேன்னு ஒருத்தங்க, இதோ அதோன்னு இழுத்தடிக்கிறாங்க. அப்புறம் எதுக்குங்க இந்தக் கெட்டில்?"

ஒசாகாவிலிருந்து பேசிய சிசுருவின் குரலில் எரிச்சல். அவள் அப்பா தோக்குஜி, வடக்கே பனி கொட்டும் அகிதாவில் தனியாக இருக்கிறார். காலையில் அவர் தேநீருக்கு வெந்நீர் வைத்தால், கெட்டிலுக்குள் பதித்திருக்கும் சிம் மகளின் போனுக்குச் சேதி அனுப்பும். அப்பா எழுந்துவிட்டார் என்று.

"இப்ப தினமும் ரயிலுக்கு ஓடுறதுக்கு முன்னாடி நானே கூப்பிட்டுக் கேக்க வேண்டியிருக்கு."

"இன்னிக்கே முடிச்சிடறோம்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, கெட்டில் நிறுவனத்தின் மேலாளர் நகாசே, ஒரியேவை அழைத்தார்.

"பழைய நெட்வொர்க்கை மூடுறாங்கன்னு எல்லாக் கெட்டிலையும் புதுசுக்கு மாத்தியாச்சு. சிம்மைக் கழட்ட வேண்டாம், ஆள் போக வேண்டாம். உக்காந்த இடத்துலேர்ந்து புது இணைப்பை அனுப்புற வேலை. இது ஒண்ணு மட்டும் ஏன் நிக்குது?"

"அனுப்பிட்டேன் சார். புது இணைப்பு கெட்டிலுக்குள்ள போயிடுச்சு. அதை ஏத்துக்க அவர் ஒரு பட்டனை அழுத்தினா போதும். அழுத்தல."

"வயசானவர், எந்தப் பட்டன்னு தெரியாம இருப்பார். பொறுமையா சொல்லித் தர வேண்டாமா?"



நகாசே தானே தோக்குஜிக்குப் போன் போட்டார். "ஐயா, கெட்டில் பிடிக்குக் கீழே பச்சையா ஒரு பட்டன்…"

"மினுக்கிட்டே இருக்கே, அதானே? அந்தப் பொண்ணு முதல் நாளே சொல்லிக் குடுத்துருச்சு தம்பி. நான்தான் கொஞ்ச நாள் விட்டுடும்மான்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்."

"எதுக்குங்க?"

"நேத்து சிசுரு, கூரைப் பனியைத் தனியா தள்ளாதீங்கன்னு திட்டினா. முந்தாநாள் என்ன சமைச்சீங்கன்னு விசாரிச்சா. முள்ளங்கி வேகவச்சேன்னேன். அம்மா மாதிரி இஞ்சி போட்டீங்களான்னு கேட்டா."

தோக்குஜியே தொடர்ந்தார்.

"அவ அம்மா போனதுலேர்ந்து, அவகிட்ட இந்தக் கெட்டில்தான் பேசிட்டிருந்துச்சு தம்பி."

நகாசே ரிசீவரை வைத்தார். ஒரியேவை ஒருமுறை பார்த்தார். பிறகு சிசுருவைக் கூப்பிட்டார்.

"மன்னிக்கணும்மா. எங்க பக்கம்தான் கோளாறு. சரியாகறதுக்கு இன்னும் நாளாகும் போல. அதுவரைக்கும் காலைல நீங்களேதான் அப்பாகிட்ட பேசியாகணும்."