வேங்கை கேட்ட மன்னிப்பு

"பால்பவுடருக்கும் கோதுமைக்கும் சாமியை மாத்தின கும்பல்தானே நீங்க? உனக்கெதுக்குய்யா தமிழன்னு பட்டம்?"

ரெண்டே விரலால் தட்டி அனுப்பிவிட்டு, அரிகிருஷ்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெளியில் பார்த்தால் அவரைப் போல மரியாதைப்பட்ட மனுஷன் தாம்பரத்திலேயே கிடையாது. நகர் நலச் சங்கச் செயலாளர். பால்காரரைக்கூட 'வாங்க, போங்க' என்பார். ஆனால் கேம்ப் ரோட்டில் இந்த பிரவுசிங் சென்டர் திறந்த நாளிலிருந்து அவருக்கு இன்னொரு பெயர் உண்டு. வேங்கை! இன்டர்நெட் சாட் ரூமில் யாருக்கு யார் முகம் தெரியப்போகிறது? அந்தத் தைரியம்தான்.

இன்றைக்கு மாட்டியவன் 'குமரிக்கரை'. குவைத்தில் வேலை பார்க்கிறவனாம். தொண்ணூற்றொன்பது தேர்தலைப் பற்றி ஆரம்பித்த பேச்சு, எப்படியோ மதத்தில் வந்து நின்றது.

'சாமி வேற, மொழி வேற சார். எங்க வீட்லயும் தமிழ்தான்' என்று எழுதினான் அவன்.

வேங்கை விடுமா? 'உங்கம்மா எத்தனை டின் பால்பவுடருக்கு மாறினாங்க? கேட்டுச் சொல்லு.'

பதில் வந்தது.

'கேக்க முடியாது சார். அம்மா போன மாசம் தவறிட்டாங்க. லீவு கிடைக்கல, முகத்தைக்கூடப் பாக்கல. தமிழ்ல நாலு வார்த்தை பேசலாம்னுதான் இங்க வந்துட்டிருந்தேன். இனிமே வரல.'

அரிகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று விரலைத் தூக்கினார். ரூமில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே! வேங்கை போய் மன்னிப்புக் கேட்பதா?

"சார், டைம் ஆயிடுச்சு. மெட்டில்டா டீச்சர் வெய்ட் பண்றாங்க" என்றான் கடைக்காரன் சுந்தர்சிங். மூன்று கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வருவது ஒன்றில்தான்.

அரிகிருஷ்ணன் பதறிப்போய், டி.வி.யை நிறுத்துவது போல ஸ்கிரீன் பட்டனை அமுக்கினார். ஸ்கிரீன் இருண்டதும், எல்லாமே அணைந்துவிட்டது என்று அவருக்கு நிம்மதி.

"உக்காருங்க டீச்சர். மஸ்கட்ல பொண்ணு சௌக்கியமா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். எதிர்வீட்டு டீச்சர் ஆயிற்றே.

"நல்லா இருக்கா சார். அவளுக்குத்தான் மெயில் அனுப்ப வந்தேன்."

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. செத்துப்போன ஒரு அம்மாவைப் போய்... சே, நானெல்லாம் ஒரு மனுஷனா! மறுநாள் ஆபீஸிலும் அதே நினைப்புதான். அவன் வந்தாலும் வராவிட்டாலும் சரி, கௌரவத்தைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

சாயங்காலம் சாட் ரூமுக்குள் நுழைந்தவர் திகைத்துப்போனார்.

'வாங்க வேங்கை சார்! மனுஷன்னா நீங்கதான் சார்!' ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். குமரிக்கரையும் இருந்தான்.

'நேத்து நான் வெளிய போறதுக்குள்ள நீங்க மன்னிப்புக் கேட்டதைப் படிச்சு அழுதுட்டேன் சார். அதான் திரும்பி வந்தேன்.'

நானா? எப்போது? அரிகிருஷ்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. 'நான் இல்லை' என்று அடிக்கப் போனார். அடிக்கவில்லை. இருபது பேர் பாராட்டுகிறபோது, எந்த மடையன் மறுப்பான்?

'பரவாயில்ல தம்பி. தப்புன்னா தப்புதானே' என்று அனுப்பினார். நெஞ்சிலிருந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது. நிஜமாகவே தான்தான் மன்னிப்புக் கேட்டது போல ஒரு மிதப்பு.

பின்னால் பெஞ்சில் மெட்டில்டா டீச்சர் காத்திருந்தார். சும்மா இருக்க முடியுமா?

"டீச்சர், நேத்து உங்க ஆளுங்க பையன் ஒருத்தன். இன்டர்நெட்ல கொஞ்சம் கடுமையா பேசிட்டேன். அப்புறம் மனசு கேக்கல. அத்தனை பேர் முன்னாடி நானே மன்னிப்புக் கேட்டுட்டேன். இதுல என்ன கௌரவம் பாக்கறது, சொல்லுங்க?"

டீச்சர் அவரை ஒரு கணம் பார்த்தார். "நல்ல காரியம் சார்" என்றார்.

பெருமையோடு திரும்பினார் அரிகிருஷ்ணன். ஸ்கிரீனில் குமரிக்கரை மறுபடி எழுதியிருந்தான்.

'நீங்களும் சின்ன வயசுலயே அம்மாவைப் பறிகொடுத்து, மிஷன் ஹாஸ்டல்ல அதே பால்பவுடர் கஞ்சியைக் குடிச்சு வளர்ந்தவர்னு எனக்குத் தெரியாது சார். அந்தக் கஞ்சி இல்லன்னா உயிரோடவே இருந்திருக்க மாட்டேன்னு எழுதினீங்களே, மறக்கவே முடியல.'

அரிகிருஷ்ணனின் அம்மா வீட்டில் சௌக்கியமாக சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் எழுதியது யார்? நேற்று இந்த நாற்காலியில் தனக்கு அடுத்து உட்கார்ந்தது யார்?

காது மடலெல்லாம் சுட்டது. டீச்சர் ஸ்கிரீனைப் போட்டபோது வேங்கை எழுதிய அத்தனையும் அப்படியே இருந்திருக்கிறது. படித்திருக்கிறார். படித்துவிட்டுமா தன் சொந்தக் கதையை என் பேரில்...? அதெல்லாம் போகட்டும், சற்று முன் அவரிடமே போய் என்ன ஜம்பம் அடித்தேன்! பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

"டீச்சர்..." என்றார். தலை நிமிரவில்லை.

மெட்டில்டா டீச்சர் எழுந்து பக்கத்தில் வந்தார். சுந்தர்சிங் காதில் விழுந்துவிடாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்களைக் கேக்காம உங்க பேர்ல எழுதிட்டேன். தப்புதான்... என்னை மன்னிச்சுடுங்க சார்."