பக்கத்து சீட்டு நாவல்

றிஸானா அன்றும் திருடினாள். பக்கத்து சீட்டில் இருந்தவனின் மடியைப் பார்க்காத மாதிரியே பார்த்து, கழுத்தை ஒரு விரல் அளவு சாய்த்து, பஸ் ஹிந்தகலையைத் தாண்டுவதற்குள் எட்டுப் பக்கங்களைச் சுருட்டிவிட்டாள்.

மூன்று வாரமாக நடக்கும் திருட்டு இது. தெல்தோட்டையில் ஏறும் அமான் ஜன்னலோரத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்திருப்பான். கலஹாவில் ஏறும் றிஸானா அதில் போய் உட்காருவாள். அவன் மடியில் ஒரு தடித்த தமிழ் நாவல் விரிந்திருக்கும். கூடப் பிறந்த ராத்தாவின் அலுமாரியிலிருந்து எடுத்ததாம்.

மூன்றாம் நாளே அவள் மாட்டிக்கொண்டாள். கதையில் ஒரு கட்டத்தில் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"வாசிங்க, வாசிங்க. பார்த்தா புத்தகம் தேயவா போகுது?" என்றான் அமான்.

அதற்குப் பிறகு வெட்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது? கண்டியில் இறங்கி அவள் மருந்து கொடுக்கும் பாமசிக்கும் அவன் தன் லைட் கடைக்கும் நடக்கும் பத்து நிமிடமும் நாவல் பேச்சுத்தான். மூன்று சகோதரிகள், ஒரு வீடு, கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன கடைசித் தங்கை.

"அந்த மூத்தவ கடிதத்த ஒளிச்சதப் பத்திச் சொன்னீங்களே, ஏன் அப்பிடிச் செஞ்சா? நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று அவன் கேட்பான். போதாதா? றிஸானா கடை வாசல் வரைக்கும் விளாசித் தள்ளுவாள். இப்படி வாய் திறக்காமல் கேட்கும் ஓர் ஆண்பிள்ளையை அவள் அதுவரை கண்டதில்லை.

அதைவிட அதிசயம், இரண்டு பேரின் வேகமும் ஒன்று. அவள் ஒரு பக்கத்தை முடித்து வெளியே பார்த்த கையோடு அவன் அடுத்ததைத் திருப்பிவிடுவான். பொருத்தம் என்று பார்ப்பதானால் இதைத்தான் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு நாள் அவனுடைய உம்மா போனில் சாமான் சொன்னார். கொத்தமல்லி, உளுந்து, தேயிலை என்று அவர் சொல்லச் சொல்ல, அமான் மளமளவென்று சிங்களத்தில் எழுதிக்கொண்டான். கண்டியில் கடை நடத்துகிறவர்களின் கை அப்படியே பழகிப்போகும் என்று றிஸானா அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

வீட்டில்தான் தலைவலி. இரண்டு மாப்பிள்ளைகளை அவள் ஏற்கனவே தட்டிக் கழித்திருந்தாள். ஒருவர் கடைசியாக வாசித்தது ஓ.எல். பரீட்சைக்கான பாடப் புத்தகம். மற்றவர், கல்யாணத்துக்குப் பிறகு வாசிக்க எங்கே நேரம் என்று சிரித்தார்.

"வாசிக்காத மனிசனோட ஆயுள் முழுக்க என்னத்தக் கதைக்கிற உம்மா?"

"மூணாவது ஆள் சனிக்கிழம பார்க்க வாராரு," என்றார் அவளுடைய உம்மா மஸீனா. "மனசுல வேற யாரும் ஈந்தா அதுக்கு முந்திச் சொல்லு மகள். பொறகு என்னால அவங்களத் திருப்ப ஏலா."

இன்று வெள்ளிக்கிழமை. நாவலும் இன்றைக்குத்தான் முடியப் போகிறது. இனி மடியில் புத்தகம் இல்லாவிட்டால் இந்தப் பேச்சும் இல்லை.

பஸ் கண்டியில் வந்து நின்றபோது மிச்சம் இரண்டே பக்கம். ஆட்கள் முண்டியடித்து இறங்கினார்கள். அமான் புத்தகத்தை மூடப் போனான்.

"மூடாதீங்க! ரெண்டு பக்கம்தான் ஈக்கி."

"றிஸானா, நான் உங்களுக்கிட்ட ஒண்டு சொல்லணும்."

"நான் முந்திச் சொல்றேன். இல்லாட்டித் தைரியம் போயிரும்." அவள் மூச்சை இழுத்து விட்டாள். "மூணு கிழமையா உங்கள 'நானா'ன்னு அண்ணன் முறை வெச்சுக் கூப்பிடாமலே ஈக்கிறேன். கவனிச்சீங்களா?"

அமானின் காது சிவந்தது. "கவனிச்சேன். ஆனா நான்..."

"நாளைக்கு என்னப் பார்க்க வாராங்க. உங்களுக்கு விருப்பம் ஈந்தா இப்பவே சொல்லுங்க."

"விருப்பம்தான். முதல் நாளே விருப்பம்தான். நீங்க பஸ்ல வாசிக்கிறதப் பார்த்துத்தான் இந்தப் புத்தகத்தையே கொண்டுவந்தேன். ஆனா ஒரு விஷயம் றிஸானா..."

அவள் எங்கே காது கொடுத்தாள்? போன் ஏற்கனவே காதில் இருந்தது.

"உம்மா, நாளைக்கு அவங்கள வர வேணாமெண்டு சொல்லுங்க. எனக்கு ஆள் கிடச்சிட்டாரு. தெல்தோட்டை. ஓ, நம்ம ஆக்கள்தான். வாசிக்கிறவரு உம்மா! என்ன மாதிரியே வாசிக்கிறவரு!"

மஸீனா சொன்ன 'அல்ஹம்துலில்லாஹ்' முன் சீட்டில் காசு எண்ணிக்கொண்டிருந்த கொண்டக்டருக்கே கேட்டது. அவர் திரும்பிப் பார்த்து, பஸ்ஸை எடுக்க இன்னும் ஐந்து நிமிடம் இருப்பதாகச் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

றிஸானாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இனி வாழ்நாள் முழுக்க ஒரே புத்தகத்தை இரண்டு பேராக வாசிக்கலாம். வேறென்ன வேண்டும்?

"கதையில தங்கச்சி வீட்டுக்கு வாராளா இல்லையான்னு பார்த்துட்டே இறங்குவம்," என்றாள். "இந்த ரெண்டு பக்கத்தையும் நீங்க சத்தமா வாசிங்க, நான் கேட்டுட்டு ஈக்கிறேன்."

அமான் பக்கத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை மெதுவாக அவள் மடியில் வைத்தான்.

"நான் படிச்சது சிங்கள மீடியம், றிஸானா. தமிழ் கதைக்க மட்டும்தான் தெரியும்."