பிரிண்டருக்கு விழுந்த அடி

"இன்னும் எவ்வளவுதான் திம்பே? துப்புடா!" என்று ஜெயபிரகாஷ் ஓங்கி ஓர் அடி வைத்தான். பிரிண்டர் ஒரு முறை முனகிவிட்டு மறுபடியும் சிவப்பு விளக்கைக் காட்டியது.

உள்ளே பேப்பர் சிக்கியிருக்கிறதாம். மூடியைக் கழற்றிப் பார்த்தாயிற்று, டார்ச் அடித்தும் பார்த்தாயிற்று. நகத்தளவு துண்டுகூட இல்லை.

"ஏனுங்க, அதுக்கு மேல அடிச்சா ஒடஞ்சுதான் போகும்" என்றாள் மனைவி அகல்யா. "அமெரிக்காக்காரனுக்கு வெப்சைட் கட்டித் தர்றீங்க. நம்மூட்டு டப்பாகிட்ட ஒரு தாளு வாங்க முடியலையாக்கும்?"

"வெப்சைட்டு சொன்னாக் கேக்கும். இது கேக்க மாட்டேங்குது."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மதியத்துக்குள் கடன் விண்ணப்பத்தை முடித்தாக வேண்டும். சிநேகிதன் சந்தோஷ்குமாரோடு சேர்ந்து சேலத்தில் தொடங்கப்போகும் கம்பெனிக்கு இவன் போட வேண்டிய பங்கு அது. இன்றைக்குள் கடனுக்கு வழி பண்ணாவிட்டால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வதாக அவன் சொல்லிவிட்டான்.

கடனுக்கு ஈடு, மேச்சேரியில் அம்மா மாரக்காள் குடியிருக்கும் ஓட்டு வீடு. செங்கல் சூளையில் கல் சுமந்து சுமந்து அவள் கட்டிய வீடு. அப்பா விட்டுப்போன மானாவாரிக் காடு, இவன் தொடங்கிய முதல் கம்பெனியோடு போயிற்று. மிச்சம் இருப்பது இந்த வீடுதான்.

கேட்டபோது அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. "உனக்கில்லாததா சாமி?" என்றாள். அவ்வளவுதான்.

ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகியதும் பிரிண்டருக்கு என்ன தோன்றியதோ, விண்ணப்பத்தை நெடுகக் கோடு கோடாகக் கீறித் தள்ளியது. அதுவே போதும் என்று கையெழுத்துப் போட்டு, போனில் படம் எடுத்து பேங்க் சைட்டில் ஏற்றினான். பிறகு அம்மாவைக் கூப்பிட்டான்.

"அம்மா, ஆதார் அட்டைய எடு. நம்பரைச் சொல்லு."

மாரக்காள் பன்னிரண்டு எண்ணையும் ஒரே மூச்சில் வாசித்தாள். தட்டியதும் திரையில் பச்சை அடையாளம் விழுந்தது.

"இப்ப உன் போனுக்கு ஆறு நம்பர் வரும். கட் பண்ணிட்டு, பாத்துட்டு, எனக்குக் கூப்பிட்டுச் சொல்லு. அதைப் போட்டா ஊட்டு மேல கடன் வாங்க நீ சம்மதிச்ச மாதிரி."

"சரி சாமி."

கொஞ்ச நேரத்தில் அம்மாவே கூப்பிட்டாள். "நாலு, ஒண்ணு, ஒம்போது, சைபர், ரெண்டு, ரெண்டு."

தட்டினான். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் சிவப்பு எழுத்து வந்தது: எண் தவறு.

இன்னொரு எண் அனுப்பச் சொல்லி அழுத்தினான். அம்மா திரும்பவும் பார்த்துச் சொன்னாள். இந்தத் தடவை பக்கமே வெள்ளையாகிப்போய், அவனை முதல் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. காலையிலிருந்து நிரப்பியதெல்லாம் காணோம்.

"எவன்டா இதைக் கட்டுனது? நான் இந்த லட்சணத்துல ஒரு பக்கம் எழுதிக் குடுத்திருந்தா அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பாங்க."

"அத்தை மறந்து மாத்திக்கீத்திச் சொல்றாங்களோ?" என்றாள் அகல்யா.

"ஆதார் நம்பரையே கடகடன்னு சொன்னாங்கல்ல? எங்கம்மாவக் கொறை சொல்லாத. கோளாறு சைட்டுலதான்."

எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்பினான். மூட்டை ஏற்றி இறக்கியவனைப் போல மூச்சு வாங்கியது. இன்னொரு தவறு வந்தால் விண்ணப்பம் ரத்தாகும் என்று கீழே எச்சரிக்கை போட்டிருந்தது.

"அம்மா, நிதானமாப் பாத்துச் சொல்லு. இதை விட்டா இல்லை."

மாரக்காள் நிதானமாகத்தான் சொன்னாள், ஒவ்வொரு எண்ணாக விட்டு விட்டு. அவன் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது விண்ணப்பம் ரத்தாகியிருந்தது.

சந்தோஷ்குமாருக்குப் போன் போட்டான். "விடு மாப்ள. உனக்காக எத்தன நாள்தான் பாக்கறது? நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று அவன் வைத்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துப் பிரிண்டருக்கு உயிர் வந்தது. காலையில் அழுத்தி அழுத்தி அனுப்பிய விண்ணப்பமெல்லாம், கோடு ஒன்றும் இல்லாமல், பளிச்சென்று ஒவ்வொன்றாய் வந்து விழுந்தது. இந்த முறை அவன் அதை அடிக்கவில்லை. தாள்கள் தரையில் சரிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

அகல்யாதான் மேச்சேரிக்குப் போன் போட்டு அவன் கையில் கொடுத்தாள்.

"போச்சும்மா. எல்லா மெஷினும் சேந்து என்னைக் கவுத்துருச்சு."

"அழுவாத சாமி. கையில வேலைதான் இருக்குதில்ல? அதை வெச்சுப் பொழச்சுக்கலாம். ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வாங்க, கோழி அடிச்சு வெக்கறேன்."

மேச்சேரியில் மாரக்காள் போனை மடியில் வைத்துவிட்டு வீட்டு ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தெய்வநாயகி கடலை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னக்கா, பையன் அழுவறான்? கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சாமா?"

மாரக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது நல்லாத்தான் இருக்குது புள்ள. முடியாதுன்னு சொல்ல வாய் வரலை, நம்பரை மாத்திச் சொல்லிட்டேன்."