வாய்க்கால் தாண்டும் இடம்

அணிலுக்குக் குக்குறுவான் பறவையின் பாட்டு என்றாலே எரிச்சல். "விடிஞ்சா போதும், குக்ரூ குக்ரூன்னு ஆரம்பிச்சிடுறீங்களே அண்ணே, காது வலிக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அது வேர்க்கடலைகளைக் கொண்டுபோய்ப் புதைக்கும்.

மழைக்காலத்தில் பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது. அந்த அதிர்ச்சியில் குக்குறுவானுக்குப் பேச்சு இருந்தது, பாட்டு போய்விட்டது. அணிலுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. குட்டிகள் பசியில் கத்தியபோதுதான், கடலையை எங்கே புதைத்தோம் என்பதே மறந்துவிட்டது தெரிந்தது. மூன்று நாள் தோண்டியும் மண்தான் வந்தது.

நான்காம் நாள் அலுத்துப்போய், சும்மா "குக்ரூ குக்ரூ" என்று முனகிக்கொண்டே நடந்தது. கால்கள் தாமாகவே வழி பிடித்தன. ஆறு குக்ரூவில் வேப்பமரம் வந்தது. திரும்பி மூன்று குக்ரூ. வாய்க்காலைத் தாண்டும்போது பயத்தில் ஒரு "கீச்". பிறகு இரண்டு குக்ரூ. அங்கே தோண்டினால் கடலை.

குட்டிகளின் வயிறு நிறைந்ததும் அணில் பழுத்த அத்திப்பழம் ஒன்றோடு குக்குறுவானின் பொந்துக்கு ஓடியது.

"உங்க பாட்டுக்கு அடி வச்சுத்தான் இத்தனை நாளும் புதைச்சிருக்கேன் அண்ணே. எனக்கே தெரியல."

"எனக்கு அது மறந்தே போச்சு தங்கச்சி. எப்படிப் போகும், கொஞ்சம் பாடேன்."

அணில் வெட்கத்தோடு பாடிக் காட்டியது.

மறுநாள் விடியலில் பாட்டு கேட்டது. நடுவில் ஒரு "கீச்".

அணில் பதறிப்போய் ஓடியது. "அது உங்க பாட்டுல கிடையாது அண்ணே. நான் வாய்க்காலைத் தாண்டின சத்தம்."

"இருக்கட்டும். அந்த இடிப் பயத்தை நானும் அங்கதான் தாண்டினேன்."