கூடிய எடை

அறையில் நர்ஸ், வகுப்பு டீச்சர், மூன்றாம் வகுப்புச் சிறுமி, அவளுடைய அம்மா, ஓர் எடை மெஷின்.

"ஒரே மாசத்துல ரெண்டு கிலோ! நான்கூட இவ்வளவு வேகமா ஏறினதில்ல," என்றார் டீச்சர். "இனிமே இவ முட்டையும் பாலும் வேற நோஞ்சான் பிள்ளைக்குத்தான்."

நர்ஸ் சிறுமியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தது. சீருடைப் பைகளைக் கவிழ்க்கச் சொன்னார். கூழாங்கற்கள் சடசடவென்று கொட்டின.

"ஏம்மா, பிள்ளை வாய்ல நீயே மண்ணைப் போடுறியே! எடை கூடினா முட்டை போயிடும்னு தெரியாதா?" என்றார் நர்ஸ்.

அம்மா திருதிருவென்று விழித்தாள். "சத்தியமா நான் வைக்கலைங்க."

"நான்தான் வச்சேன்," என்றாள் சிறுமி. "போன மாசம் எடை குறைஞ்சதுக்கு, 'சோறு போட வக்கில்லாதவ எதுக்குடி பெத்தே'ன்னு டீச்சர் எல்லார் முன்னாடியும் அம்மாவைத் திட்டினாங்க. எனக்கு முட்டை வேணாம்."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க வகுப்புக்குப் போங்க, டீச்சர். நான் மறுபடி நிறுக்கணும். முட்டை இவளுக்குத்தான்," என்ற நர்ஸ் அம்மாவின் குச்சிக் கைகளைப் பார்த்தார். "அடுத்து நீயும் ஏறு."

டீச்சர் வெளியேறியதும் நர்ஸ் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.