பட்டுப்புடவைக்குக் கம்பூட்ஸ்

ஒரு ரோடு சைக்கிளுக்குத் தன் பெடலைப் பார்த்தாலே கூச்சம். மலைப்பாதை சைக்கிளில் இருக்க வேண்டிய பெடல் அது. அதை ஓட்டும் ஜெசிந்தா தன் பழைய மலைப்பாதை சைக்கிளிலிருந்து கழற்றி இதில் மாட்டிவிட்டாள். அந்தப் பெடலில் கொக்கி போட்டு மாட்டிக்கொள்ளும் அவள் ஷூவும் அதோடு வந்ததுதான்.

"நாலு பேர் வர்ற இடம். நீ பேசாம இரு," என்றது சைக்கிள்.

"சரி," என்றது பெடல்.

ஞாயிறு காலை சைக்கிள்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கிளம்பும் இடத்தில் ஒரு சிவப்பு சைக்கிள் சிரித்தது. "என்னடி இது, பட்டுப்புடவைக்குக் கம்பூட்ஸா?"

"அவ மாட்டிட்டா. நான் என்ன பண்ண?" என்று முனகியது சைக்கிள்.

பத்தாவது கிலோமீட்டரில் பாலம் வேலைக்காகச் சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள். எல்லோரும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். சிவப்பு சைக்கிள்காரரின் ஷூவில், பெடலில் மாட்டும் கொக்கி அடியில் துருத்திக்கொண்டிருந்தது. வழுக்கி வழுக்கி இரண்டு முறை உட்கார்ந்தே விட்டார். அந்தப் பக்கம் ஏறிய பிறகும் கொக்கியில் சேறு அப்பியிருந்ததால் பெடலில் மாட்டவில்லை.

ஜெசிந்தாவின் ஷூவில் கொக்கி வெளியே துருத்தாமல் அடிப்பாகத்தில் ஒரு பள்ளத்துக்குள் இருந்தது. அவள் சாதாரணமாக நடந்து வந்தாள். ஷூவைத் தரையில் இரண்டு தட்டு தட்டி மிதித்தாள். பெடல் டக்கென்று பிடித்துக்கொண்டது.

சிவப்பு சைக்கிள் குரலைத் தாழ்த்தியது. "நல்ல பெடலா இருக்கே. யார் யோசனை?"

"என் யோசனைதான். அவ வேண்டாம்னுதான் சொன்னா, நான்தான் விடல."

காலையில் சொன்னபடி, பெடல் பேசாமல் இருந்தது.