சாரல் வருமுன்

"ஏட்டி நாச்சியா, எந்திரி! நிக்காம இன்னைக்குச் சோறு கிடையாது."

உலகம்மாளின் குரல் கேட்டதுமே நாச்சியார் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"என் காலு வெறும் குச்சி. நிக்க மாட்டேங்கு. என்னைச் சும்மா விடு."

தென்காசியில் இருந்த அந்த முதியோர் விடுதிக்கு நாச்சியார் வந்தது 1957-ல். விஷக்காய்ச்சலில் விழுந்தவள். காய்ச்சல் போய்விட்டது, படுக்கை போகவில்லை. மாதக்கணக்கில் கிடந்ததில் தொடையிலும் கெண்டைக்காலிலும் சதை கரைந்து தோல் தொங்கியது. மகன் பம்பாயில். மருமகள் தனியாகத் தூக்க முடியாமல் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள்.

"எலும்பு நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர். "வயசானா சதை குறையும். படுத்தே கிடந்தா இன்னும் வேகமாக் குறையும். தினமும் யாராவது எழுப்பி நிக்க வைக்கணும், நல்லாச் சாப்பிட வைக்கணும். இல்லேன்னா கடைசிவரை இந்தக் கட்டில்தான்."

அத்தனை பேர் இருக்கும் விடுதியில் இவள் ஒருத்தியை யார் எழுப்பி நிறுத்துவது? உறவுக்காரர்கள் வந்து பார்க்கலாம், தங்கக் கூடாது. அது விடுதியின் சட்டம்.

அடுத்த வாரம் ஆலங்குளத்திலிருந்து வேலை கேட்டு வந்து நின்றாள் உலகம்மாள். வயல்வேலையில் முறுக்கேறிய உடம்பு. வயசைக் கேட்டால், "அதெல்லாம் யாரு எழுதி வச்சா?" என்பாள்.

வந்த அன்றே நாச்சியாரைப் பிடித்துக்கொண்டாள். காலையில் உளுந்தங்களி, முட்டை. பிறகு நாற்காலியிலிருந்து எழ வேண்டும், உட்கார வேண்டும், மறுபடி எழ வேண்டும்.

"உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

"கிடையாது. எந்திரி."

மேட்ரன் ரெபேக்காளுக்கே பொறுக்கவில்லை. "உலகம்மா, வயசான மனுஷியை ஏட்டி கீட்டின்னா கூப்பிடுவாங்க?"

"அப்படிக் கூப்பிட்டாத்தான் இவ எந்திரிப்பா."

ஒரு நாள் பிடி நழுவி நாச்சியார் விழுந்துவிட்டாள். பெரிய அடி இல்லை. ஆனாலும் மேட்ரன் கொதித்துப் போனாள்.

"போதும்! இனிமே இவங்களைத் தொடக் கூடாது."

உலகம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தரையில் கிடந்தபடியே நாச்சியார்தான் குரல் கொடுத்தாள்.

"அவளை வையாதீங்க மேட்ரன். ஏய், கையைக் குடு. குத்தாலத்துல சாரல் விழுததுக்குள்ள நான் நடந்தாகணும்."

ஆனி பிறந்தது. நடக்க முடிந்தவர்களை மட்டும் பஸ்ஸில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். இறங்கும்போது யாரோ நீட்டிய கம்பை நாச்சியார் தள்ளிவிட்டாள். கடைத்தெருக் கூட்டத்துக்குள் தானே நடந்தாள். வழுக்கும் பாறையில் காலை ஊன்றி, பேரருவிக்குத் தலையைக் கொடுத்தாள். தண்ணீர் முதுகில் அறைந்தது. கால் அசையவில்லை.

"நிக்கேன்! பாரு, நான் நிக்கேன்!"

விடுதிப் பெண்கள் குலவையிட்டார்கள். அருவிக்கு வந்திருந்த மற்றவர்களும் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள்.

மேட்ரன் கலங்கிய கண்ணோடு உலகம்மாள் பக்கத்தில் வந்தாள். "பெத்த பிள்ளைகூட இப்படிப் பாக்காது, உலகம்மா."

"பிள்ளை பாக்காது தாயி, பெத்தவ பாப்பா," என்று சிரித்தாள் உலகம்மாள். "இவளுக்கு நான் நடை பழக்குதது இது ரெண்டாந் தடவை."